மடையில் நட்ட வெள்ளிறகு

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்தபோது, மடையான் கொக்கு தலை முதல் வால் வரை வெள்ளையாகத்தான் இருந்தது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கண்மாய் வற்றி, மடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. மீனெல்லாம் அதற்குள்தான். வடகரை மரங்களில் நாரைகள், தென்கரை மரங்களில் நீர்க்காகங்கள். இரண்டு கூட்டத்துக்கும் கூடுகளில் குஞ்சுகள். இரண்டும் கொத்திக்கொண்டதில், பள்ளத்தில் மீனைவிட இறகுகள் அதிகமாக மிதக்கத் தொடங்கின.

மடையான் இரண்டு கூட்டத்தையும் சேர்ந்ததல்ல. மடையோரத்துக் கருவேல மரத்தில், மனைவியோடும் ஒற்றைக் குஞ்சோடும் தனியே இருந்தது. ஒருநாள் அது தன் மார்பிலிருந்து ஒரு பிடி இறகைப் பிடுங்கி, குச்சியின் பிளவில் செருகி, மடைவாயில் நட்டது.

"இது நிக்கிற வரைக்கும் யாரும் யாரையும் கொத்தக் கூடாது. காலையில நாரைங்க. வெயில் சாய்ஞ்சா நீர்க்காகங்க."

"ஏப்பா, உன் ஒரு பிடி இறகு எங்க அலகைப் பிடிச்சுக்குமாக்கும்?" என்று சிரித்தது நெட்டைக்கால் நாரை. வடகரைக்கு அதுதான் பெரிய தலை.

பிடித்துக்கொண்டது. யாருடைய முறை வந்தாலும் அந்த இறகைக் கடக்கும்போது தலை தாழ்த்திப் போனார்கள். முறைத்துக்கொள்ளும் இளசுகளை, "வெள்ளை பார்க்குது, சும்மா இரு" என்று அடக்கினார்கள். தென்கரை நீர்க்காகம் கருத்தம்மா, நாரைகள் மேயும் வேளையிலேயே மடைக்கல்லில் சிறகை விரித்துக் காயப்போட்டு உட்காரத் தொடங்கினாள். "அண்ணே, உங்க இறகுக்கு இம்புட்டு மவுசா!" என்று மடையானைக் கேலி செய்வாள்.

தை பிறந்தது. பனி இறங்கியது. குச்சிக் கூட்டில் மடையானின் குஞ்சு விறைத்துக் கிடந்தது. அணைத்துப் பார்த்தது மடையான். இறகு பிடுங்கிய மார்பில் சூடு இல்லை.

"இங்கேருங்க, குஞ்சு கண்ணைத் திறக்க மாட்டேங்குது" என்றாள் மனைவி. "ஊருக்குக் கொடுத்தீங்களே, அந்த இறகு இருந்தா இதுக்குக் கீழ போடலாம்."

"அது மடையில நிக்குதே."

"நின்னா என்ன? உங்க இறகுதானே."

ஆமாம், என் இறகுதானே என்று மடையானும் நினைத்தது. நாரைகள் இறங்குவதற்குள் திரும்ப நட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? விடியும் முன்னே போய்ப் பிடுங்கி வந்து, குஞ்சுக்கு அடியில் பரப்பியது. குஞ்சு மெல்ல முனகியது. அந்த முனகலைக் கேட்ட நிம்மதியில் மடையான் அயர்ந்துவிட்டது.

அது கண் விழித்தது கூச்சலில்.

மடைவாயில் வெறும் குச்சி நின்றது. "கரிச்சட்டிங்க புத்தியைக் காட்டிட்டாங்க!" என்று நாரைகள் கத்தின. "பிடுங்கினது நீங்க, பழி எங்க மேலயா? நெட்டைக்காலா, இறங்கி வாடா!" என்றன நீர்க்காகங்கள். மடையான் இறகை வாரிக்கொண்டு பறந்து வருவதற்குள் எல்லாம் நடந்திருந்தது. தென்கரை மரத்தடியில் கருத்தம்மாவின் கூடு உடைந்து கிடந்தது. குஞ்சு இரண்டும் அசையவில்லை. பள்ளத்தில் மூன்று நாரைகள் கழுத்துச் சாய்ந்து மிதந்தன.

"யாரும் பிடுங்கலை. நான்தான் எடுத்தேன்" என்றது மடையான். "குஞ்சு குளிர்ல கிடந்தது. இதோ, அதே இறகு. ஒண்ணுகூடக் குறையலை."

அலகால் அதைக் குச்சியில் செருகியது. நேற்று நின்ற அதே இடம், அதே வெள்ளை. குஞ்சின் சூடு இன்னும் அதில் இருந்தது. யாரும் தலை தாழ்த்தவில்லை.

நெட்டைக்கால் நாரை, மிதந்த மூன்று நாரைகளையும் கரைக்கு இழுத்துப் போட்டது. பிறகு, "உன் இறகை நீ எடுத்தது தப்பில்லப்பா. அதை எங்களுதுன்னு நாங்க நினைச்சுட்டோம்" என்று சொல்லிவிட்டு வடகரைக்குப் போனது.

மடையான் கருத்தம்மாவைப் பார்த்தது. "இன்னும் பிடுங்கித் தர்றேன் தாயி. மார்பு முழுக்கத் தர்றேன்."

"வேணாம்ணே. எத்தனை நட்டாலும் இனிமே அது இறகுதான்" என்றாள் அவள். பிறகு, "உங்க குஞ்சு பிழைச்சுதா?" என்று கேட்டாள்.

"பிழைச்சுது."

"அது போதும்" என்று சொல்லி, உடைந்த கூட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் மடையானால் தாங்க முடியவில்லை. மடைச் சேற்றில் இறங்கி, தலையிலும் கழுத்திலும் முதுகிலும் அள்ளிப் பூசிக்கொண்டது. மார்பில் பூசிய சேற்றின் மேல் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது. சிறகுகளை மட்டும் பூச முடியவில்லை. சேறு பட்டால் பறக்க முடியாது. பறக்காவிட்டால் குஞ்சுக்கு இரை ஏது? ஆகவே அவற்றை முதுகுக்குள் மடக்கி மறைத்துக்கொண்டது.

அன்று முதல்தான் மடையான் மண்கட்டி போலக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மடையோரத்தில் தனியாக நிற்கிறது. காலடிச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழும்போது மட்டும் அந்தப் பழைய வெள்ளை ஒரு கணம் விரிகிறது. மடைக்கல்லில் சிறகு காயவைக்கும் நீர்க்காகம் அப்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொள்கிறது.