துளசிமணியின் முதல் உப்பு

அன்று வேதியியல் ஆய்வகத்தில் இருந்தவர்கள்: பாடம் நடத்தும் சபீனா மிஸ், வயது முப்பத்தொன்று. முதலாண்டு மாணவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் பதினெட்டுப் பேர் பள்ளியை முடித்துவிட்டு நேரே வந்தவர்கள். மீதி ஒருவர் துளசிமணி, வயது நாற்பத்து நான்கு. பிறகு, சோதனைக் குழாய்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற நான். ஆக மொத்தம் இருபத்தொரு பேர். சன்னல் கம்பியில் ஒரு புறாவும் இருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

அன்றுதான் அவர்களுக்கு முதல் உப்பு. ஆளுக்கொரு தூள் கொடுக்கப்படும். அது எந்த உப்பு என்று சோதித்துச் சொல்ல வேண்டும். காலையிலிருந்தே பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

துளசிமணி எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டின் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆனால் முகம் சரியில்லை.

"ஏனுங் மிஸ், ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கக்கா."

"இதைப் படிச்சு முடிச்சு நான் என்ன ஆவேனுங்க?"

சபீனா மிஸ் வருகைப் பதிவை மூடினார்.

"வூட்ல கேக்கறாங்க. நாத்தனாரு கேக்கறாங்க. பஸ்ல கண்டக்டருகூடக் கேட்டுப்போட்டாரு. டீச்சராவா, லேபுக்கா, சாயப்பட்டறைக்கான்னு. எனக்கே தெரியலைங்க. துணியில சாயம் எப்படிப் பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்கோணும்னு வந்தேன். அதுக்கு மேல யோசிக்கலைங்க."

துளசிமணி இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தவர். கடைசியில் செக்கிங் பிரிவுக்கே மேற்பார்வை. ஆடி மாதம் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தார். நாலு மாதமாகியும் கம்பெனி மேனேஜர் அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஆள் போடவில்லை.

"இன்னிக்கு நாலு மணிக்குப் போன் பண்ணுவாருங்க. வரேன்னா இடம் எனக்கு. இல்லீன்னா வேற ஆளு. நீங்க ஒரு வேலையோட பேரைச் சொல்லுங்க மிஸ். அதைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே இருந்துக்குவேன். இல்லாட்டி திங்கக்கிழமை கம்பெனிக்கே போயிருவேன்."

மிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு.

"முதல்ல ஒரு உப்பு பாத்துருங்கக்கா. அது என்னன்னு வந்து சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

மற்றவர்களுக்கெல்லாம் தட்டில் எடுத்து வைத்திருந்த பொட்டலங்களைக் கொடுத்தார். துளசிமணிக்கு மட்டும் உள்ளே சரக்கறைக்குப் போய், ஒரு தாளில் கொஞ்சம் வெள்ளைத் தூள் கொண்டுவந்து கொடுத்தார்.

துளசிமணிக்குப் பக்கத்து மேசை பிரகதீஷ். வாய் ஓயாத பையன்.

"அக்கா, இதுல ஒரு ஷார்ட் கட் இருக்கு. சீனியர் சொன்னாங்க. முதல்ல பேரைத் தெரிஞ்சுக்கணும். அப்புறம் டெஸ்ட்டையெல்லாம் பின்னாடியிருந்து முன்னாடி எழுதிடலாம்."

"பேரு யாருக்குத் தெரியும்?"

"அண்ணனுக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

துளசிமணி என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, என்ன உப்புன்னு காதுல மட்டும் சொல்லிருங்க."

"எனக்குத் தெரியாதும்மா."

"இத்தனை வருசமா இங்க இருக்கறீங்க, தெரியாதுங்கறீங்களே!"

"தெரியாதும்மா."

"விடுங்கக்கா," என்றான் பிரகதீஷ். "அண்ணன் எந்த ஆசிட்லயும் கரைய மாட்டாரு."

துளசிமணி நேரே மிஸ்ஸிடம் போனார்.

"மிஸ், பேரை மட்டும் சொல்லிருங்க. டெஸ்ட்டெல்லாம் ஒண்ணு விடாம செஞ்சு போடறேன்."

"பேரு தெரிஞ்சதுக்கப்புறம் எதுக்குக்கா செய்யணும்?"

துளசிமணி திரும்பி வந்து பர்னரைப் பற்றவைத்தார்.

"இது சமையல் உப்புத்தான் கண்ணு. பாத்தாலே தெரியுதே."

"அப்படின்னா மஞ்சளா எரியணும்க்கா. புத்தகத்துல இருக்கு. வாயில மட்டும் போட்டுப் பாத்துராதீங்க."

சிறு கண்ணாடித் தட்டில் தூளைப் போட்டு, இரண்டு சொட்டு அமிலம் விட்டுக் குழைத்தார். கம்பியின் நுனியில் எடுத்து நீலச் சுடரின் ஓரத்தில் நீட்டினார்.

சுடர் சிவந்தது. லேசாக அல்ல. அடி முதல் நுனி வரை ஒரே சிவப்பு.

"மத்தாப்பு!" என்று கத்திவிட்டார்.

பதினெட்டுப் பேரும் ஓடி வந்தார்கள்.

"இன்னொரு தடவைக்கா!"

மறுபடி நீட்டினார். மறுபடி சிவப்பு.

"இன்னொரு தடவை!"

"தள்ளி நில்லுங்க சாமிகளா, கோட்டுல பிடிச்சுக்கும்." சொல்லிவிட்டு மூன்றாம் முறையும் நீட்டினார். அது அவருக்காக. "இருபத்திரண்டு வருசம் சிவப்புத் துணியா பாத்திருக்கேன். இப்படியொரு சிவப்பைப் பாத்ததில்ல."

அதற்குப் பிறகு அவர் உப்பின் பெயரைக் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

சோதனைகள் தொகுதி தொகுதியாக வரும். முதல் தொகுதியில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதுக்கு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவை விட்டுப் பார்த்தார். பிரகதீஷ் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மதியச் சோத்துல வெச்ச முட்டையாட்டவே இருக்கு," என்றான். குழாயில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதும் இல்லை. நான்காவதும் இல்லை.

துளசிமணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மிஸ் அந்தப் பக்கமாக வந்தார்.

"என்னக்கா எழுதியிருக்கீங்க?"

"என்னத்தைங்க எழுதறது? ஒண்ணுமே வரலை."

"வரலைன்னு எழுதினீங்களா?"

"வராததை எதுக்குங் மிஸ் எழுதோணும்?"

"அதுவும் நீங்க கண்டுபிடிச்சதுதானே?"

துளசிமணி நான்கு வரி எழுதினார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'வரவில்லை'. எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தார். பேனாவை மூடி, ஐந்தாவது குழாயை எடுத்தார்.

அதில் வந்தது. தெளிந்த நீரில் பால் உடைந்தது போல வெள்ளையாக இறங்கியது. அவர் கத்தவில்லை. பிரகதீஷின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் கையிலிருந்த குழாய் விழுந்து உடைந்தது. நான் குறித்துக்கொண்டேன்.

புத்தகத்தைப் புரட்டி, உறுதி செய்யும் சோதனைகளையும் முடித்தபோது, உப்பின் ஒரு பாதி ஸ்ட்ரான்ஷியம் என்று தெரிந்தது. அந்தச் சொல்லை அவர் நாலு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இன்னொரு பாதி பாக்கி.

அதற்கான சோதனையில் கை அசையக் கூடாது. குழாயைச் சாய்த்துப் பிடித்து, அதன் உட்சுவர் வழியாக அடர் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அமிலம் அடியில் போய் நிற்கும். அமிலமும் மேலே நிற்கும் உப்புக் கரைசலும் சந்திக்கிற இடத்தில் பழுப்பு வளையம் வந்தால் நைட்ரேட். கை நடுங்கினால் எல்லாம் கலந்துவிடும். வளையம் தெரியாது.

அவர் மூன்றாவது சொட்டை விடும்போது போன் அடித்தது.

"அக்கா, மேனேஜர்னு வருது!"

மணி நாலு. துளசிமணி குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எடுத்துக் காதுகிட்ட வை கண்ணு. மேல இடிச்சிராதே."

பிரகதீஷ் போனை நீட்டிப் பிடித்தான். ஆய்வகம் அடங்கிவிட்டது. மேனேஜரின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன துளசிமணி, திங்கக்கிழமை வர்றியா?"

"சார், கையில ஆசிட் இருக்குதுங்க. அப்புறம் பேசறனுங்க."

"அப்புறம்னா இடம் இருக்காது. இப்பவே சொல்லு."

நான்காவது சொட்டு. ஐந்தாவது. குழாயின் நடுவே மயிரிழை போல ஏதோ ஒரு நிறம்.

"வேற ஆளைப் போட்டுக்கங்க சார்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"வெச்சர்றனுங்க சார். கை அசையுது."

ஆறாவது சொட்டு. வளையம் முழுதாக வந்து நின்றது. பழுப்பு. கம்மலைவிடச் சிறியது.

யாரோ விசிலடித்தார்கள். ஆய்வகத்தில் விசிலடிக்கக் கூடாது. மிஸ் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

துளசிமணி குழாயைத் தாங்கியில் வைத்தார். கையுறையைக் கழற்றினார். பிறகுதான் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஐயோ, என்ன சொல்லிப்போட்டேன் நானு!"

"அக்கா," என்றான் பிரகதீஷ், "வளையம் இன்னும் நிக்குது பாருங்க."

பார்த்தார். கண்ணில் நீரோடு சிரித்தார். எழுந்து, தாள்களை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போனார்.

"ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டுங்க."

"உறுதியாவா?"

"உறுதிங்க."

மிஸ் ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான்கு 'வரவில்லை'களையும் படித்தார். எழுந்து வந்து, தாளில் மீதியிருந்த தூளை அவரே குழைத்து, கம்பியைச் சுடரில் நீட்டினார்.

"அட!" என்றார்.

துளசிமணி அவர் முகத்தையே பார்த்தார்.

"நீங்க எதுக்குங் மிஸ் 'அட'ங்கறீங்க? உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே?"

மிஸ் உள்ளே போய் ஒரு புட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பாதி அளவு வெள்ளைத் தூள். வெளியே பெயர்த்தாள் இல்லை. தாள் ஒட்டியிருந்த இடத்தில் பசைக் கறை மட்டும் இருந்தது.

ஐப்பசி மழையில் சரக்கறைக் கூரை ஒழுகியது. ஒரு தட்டு முழுக்க நனைந்து, பதினேழு புட்டிகளின் பெயர்கள் போய்விட்டன. எல்லாம் மாணவர்கள் சோதிக்கிற உப்புகள்தான். கொடியவற்றை வேறு அறையில் பூட்டி வைத்திருக்கிறோம்.

"இது என்னன்னு எனக்குத் தெரியாதுக்கா," என்றார் மிஸ்.

"தெரியாமயா எனக்குக் குடுத்தீங்க?"

"தெரிஞ்சதைக் குடுத்தா நீங்க கண்டுபிடிக்க அதுல என்னக்கா இருக்கும்?"

துளசிமணி என் பக்கம் திரும்பினார். நான் தலையசைத்தேன்.

மிஸ் ஒரு புதிய பெயர்த்தாளையும் பேனாவையும் நீட்டினார். துளசிமணி குனிந்து, பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் நீவிவிட்டார். கொஞ்ச நேரம் புட்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப நான் ரெண்டு மணிக்குக் கேட்டதுக்கு, மிஸ்?"

சபீனா மிஸ் சரக்கறைக் கதவை அகலமாகத் திறந்துவிட்டார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குக்கா. எது வேணுமோ எடுத்துக்கங்க."

துளசிமணி உள்ளே போனார். நானும் பின்னாலேயே போய் எண்ணிப் பார்த்தேன்.

பெயரில்லாத புட்டிகள் பதினாறு.