நாலு மூலை

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், முத்துப்பேச்சி கல்யாணப் பத்திரிகை வரைந்து கொடுத்துவந்தாள். அடுக்கி வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் வேலை அல்ல. ஒரு கல்யாணத்துக்கு வரைந்ததை இன்னொரு கல்யாணத்துக்குக் கொடுக்க மாட்டாள்.

அவளுக்கு ஒரு சீடர் உண்டு. வயது அறுபத்தொன்று. பெயர் வைத்திலிங்கம். பள்ளியில் முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்துப்பேச்சிக்கு எட்டாம் வகுப்பில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். இப்போது அவள் அவருக்குக் கம்ப்யூட்டரில் வரையச் சொல்லிக்கொடுத்தாள்.

"மவுஸைச் சாக்பீஸ் மாதிரி அழுத்தாதீங்க சார்," என்பாள்.

"உத்தரவு டீச்சர்," என்பார் அவர்.

எட்டு மாதம் கழித்து ஒரு பத்திரிகையை முழுக்க அவரிடமே விட்டாள். பேருந்து நிலைய வாசலில் பூ விற்கும் செண்பகம், தன் மகள் மாரிச்செல்வியின் கல்யாணத்துக்குக் கேட்டது. செண்பகத்தின் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு முடிந்திருந்தது. அதற்குப் பத்திரிகை கிடையாது.

"எம் மகளுக்கு அடிக்கிற மாதிரி ஊருல இன்னொண்ணு இருக்கப்பிடாது," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வைத்திலிங்கம் பத்து நாள் வரைந்தார். கருநீலப் பின்னணி. நடுவில் மல்லிகைச் சரம் தொங்கும் பந்தல். நாலு மூலையிலும் தோகை விரித்த மயில். தாளில் விரல் வைக்க இடமில்லை. அச்சடித்துப் பளபளவென்று லேமினேஷன் போட்டு வந்தபோது அவருக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"நான் வரைஞ்ச படம் எல்லாத்துலயும் வலது மூலையில என் பேரு இருக்கும். இதுலயும் சின்னதாப் போட்டுக்கிடலாமா?"

முத்துப்பேச்சி அட்டையை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தக்கா வரட்டும் சார். அப்புறம் சொல்லுதேன்."

மதியம் செண்பகம் வந்தாள். அட்டையைக் கையில் வாங்கியதும், "ஆத்தாடி! நான் கட்டுன சரம் மாதிரியே இருக்கே!" என்றாள்.

முத்துப்பேச்சி மேஜையிலிருந்த மஞ்சள் சிமிழை அவள் பக்கம் நகர்த்தினாள். யார் வந்தாலும் அவள் அப்படித்தான் செய்வாள். மஞ்சள் வைத்துப் பார்த்த பிறகுதான் சரி என்று சொல்ல வேண்டும்.

"குலசாமிக்கு வைக்கிற முதல் பத்திரிகைன்னு நெனச்சு மூலையில மஞ்சள் வைங்கக்கா."

செண்பகம் மஞ்சளைத் தொட்டாள். ஒரு மூலைக்குப் போனாள். மயில். விரல் நின்றது. அடுத்த மூலைக்குப் போனாள். அங்கும் மயில். கடைசியில் பட்டும் படாமலும் வைத்தாள். வழுவழுத்த தாளில் மஞ்சள் ஒட்டவில்லை. மயிலின் கழுத்தில் வழிந்து சேறு போல நின்றது. அவசரமாக முந்தானையால் துடைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. மகளையும் கேட்டுக்கிட்டு நாளைக்குச் சொல்லுதேன்."

வைத்திலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினாள். அவர் ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்வரிசையில் ரெடிமேட் பத்திரிகை விற்கும் கடை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்குப் பிடிக்கலையோ?"

"எட்டாம் வகுப்புல நான் வரைஞ்ச பொங்கல் படம் ஞாபகம் இருக்கா சார்? பத்துக்கு அஞ்சு போட்டீங்க."

"பின்னே? மூலையெல்லாம் வெள்ளையா விட்டிருந்தே. மூலை வரைக்கும் வண்ணம் அடிக்கணும்னு எத்தனை தடவை..."

பாதியில் நிறுத்திவிட்டார். மேஜையில் கிடந்த அட்டையில், மயிலின் கழுத்தில், துடைத்த தடம் இன்னும் இருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் மயிலை அழித்தார். இரண்டாவதை அழித்தார். மூன்றாவதை அழிக்க நேரமாயிற்று. அதை மட்டும் இரண்டு நாள் வரைந்திருந்தார். முத்துப்பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை செண்பகம் வந்தாள். கூடையில் ரெடிமேட் பத்திரிகை ஒன்று எட்டிப் பார்த்தது.

"கோவிச்சுக்கிடாதீங்க சார். எம் மகளும் நானும் பேசிப் பார்த்தோம்..."

அவள் முடிக்கும் முன்னால் வைத்திலிங்கம் புது அட்டையை நீட்டினார். வழுவழுப்பில்லாத, சந்தன நிறக் கெட்டித்தாள். நடுவில் அதே மல்லிகைப் பந்தல். பந்தலுக்குக் கால் வரையவில்லை. நாலு மூலையும் வெறுமையாக இருந்தது. மஞ்சள் சிமிழை அவரே நகர்த்தினார்.

செண்பகம் வைத்தாள். தாள் மஞ்சளைக் குடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மூலையில் கட்டைவிரலைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். பந்தலுக்கு நாலு கால் ஊன்றியது போல இருந்தது.

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"முந்நூறு அடிங்க சார். அத்தனைக்கும் நாந்தான் மஞ்சள் வைப்பேன். ஒருத்தியையும் தொடவிட மாட்டேன்."

ஈரம் கலையாமல் அட்டையை இரண்டு கையிலும் ஏந்தி இறங்கிப் போனாள். ரெடிமேட் கடையைத் தாண்டினாள். வாசலில் பூ விற்கும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏட்டி, தள்ளி நின்னு பாருங்க! மஞ்சள் காயல!" என்று அவள் அதட்டுவது மாடி வரைக்கும் கேட்டது.

வைத்திலிங்கம் ஜன்னலை விட்டு வரவில்லை.

"டீச்சர், நேத்து ஒண்ணு கேட்டேன். என் பேரைப் போடலாமான்னு."

முத்துப்பேச்சி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கீழே செண்பகம் அட்டையை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அதான் அந்தக்கா நாலு மூலையிலயும் போட்டுட்டுப் போறாகளே சார்."