செவ்வாலி காத்த வெடிப்பலா

வெயில் தரைக்கு இறங்காத ஒரு மழைக்காட்டில் பெரிய வெடிப்பலா மரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக் கிளையில் செவ்வாலி என்ற மலை அணில் கூடு கட்டியிருந்தாள். வெடிப்பலாக் காய்க்கு உடம்பெல்லாம் முள். ஆனால் உள்ளே இருக்கும் கொட்டை அவ்வளவு ருசி. மழைக்காலம் முழுக்கச் செவ்வாலிக்கு அதுதான் சோறு.

அந்த வருடம் கிளையே தெரியாத அளவுக்கு மரம் பூத்தது. 'இந்த மழைக்குக் கவலையே இல்லை. தைரியமாகக் குட்டி போடலாம்' என்று செவ்வாலி பூரித்துப்போனாள்.

ஆனால் பகலில் சோலைமந்திக் கூட்டம் வந்தது. பூவில் முகத்தைப் புதைத்துத் தேன் உறிஞ்சியது. சில பூக்களைப் பிய்த்தும் தின்றது. பொழுது சாய்ந்ததும் பழந்தின்னி வௌவால்கள் வந்து பூவுக்குப் பூ தாவின.

செவ்வாலிக்கு வயிறு எரிந்தது. 'ஒரு பூ போனா ஒரு காய் போச்சு. இப்படியே விட்டா எனக்கு என்ன மிஞ்சும்?'

மறுநாள் அவள் மந்திகளின் தலைவன் பிடரியனிடம் போனாள்.

"அண்ணே, சொல்லவே நடுக்கமா இருக்கு. நம்ம மரத்து வேருக்குப் பின்னால சிறுத்தை ஒண்ணு பதுங்கியிருக்கு."

"நீ பார்த்தியா?"

"இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். கைக்குழந்தைக்காரங்க இருக்கீங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருங்கண்ணே."

பிடரியன் உடனே கூட்டத்தைக் கிளப்பினான். "நல்ல நேரத்துல சொன்ன தங்கச்சி. இதை மறக்க மாட்டோம்" என்றான். செவ்வாலிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பூக்களைத் திரும்பிப் பார்த்ததும் அது போய்விட்டது.

வௌவால்களுக்குப் பொய்கூடத் தேவைப்படவில்லை. அந்தி நேரத்தில் கிளை கிளையாக ஓடி, கத்தி, வாலால் அடித்து விரட்டினாள்.

"தேன்தானே குடிக்கிறோம், காயையா கேட்டோம்?" என்று தொங்கன் என்ற வௌவால் கெஞ்சியது.

"வேற மரம் பாரு போ."

கொஞ்ச நாளில் அவையும் வருவதை விட்டுவிட்டன. செவ்வாலி மட்டும் பூக்களுக்கு நடுவே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பூக்கள் வாடின, உதிர்ந்தன. காம்புகளும் காய்ந்து விழுந்தன. பிஞ்சு பிடிக்கவே இல்லை. எங்கோ ஒன்றிரண்டு தெரிந்தன, அவையும் சூம்பிப்போயின. யாரும் தொடாத மரம் ஏன் காய்க்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கூட்டில் இரண்டு குட்டிகள் பிறந்தன. இலையையும் பட்டையையும் கடித்து எத்தனை நாள் ஓட்ட முடியும்? அவளுக்குப் பால் வற்றியது. குட்டிகள் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதன.

மழை விட்ட ஒரு காலையில், ஓடைக்கு மேலே கிளை விட்டுக் கிளை தாவி அக்கரைக்குப் போனாள். அங்கே இன்னொரு வெடிப்பலா நின்றது. கிளை தாங்காத காய்! மந்திகள் முள்ளோட்டைப் பிளந்து கொட்டையை மென்றுகொண்டிருந்தன. பக்கத்தில் தொங்கன் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"தொங்கா, இந்த மரம் மட்டும் எப்படி இப்படிக் காய்ச்சுது?"

தொங்கன் ஒரு கண்ணைத் திறந்தது. "தேன் குடிக்கும்போது பூவுல இருக்கிற பொடி எங்க மூஞ்சியில ஒட்டும். அடுத்த மரத்துப் பூவுக்குப் போனா அங்க ஒட்டும். மந்திங்க மூஞ்சியிலயும் அப்படித்தான். பொடி போய்ச் சேர்ந்தாத்தானே காய் பிடிக்கும்? நீதான் யாரையும் அண்ட விடலையே."

செவ்வாலி தன் மரம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் பிடரியன் அவளைப் பார்த்துவிட்டான்.

"என்ன தங்கச்சி, குட்டிக்குப் பால் குடுக்கிறவ இப்படி மெலிஞ்சுட்டியே? இந்தா, சாப்பிடு. அன்னைக்கு நீ சொல்லலைன்னா எங்க பிள்ளைங்க என்ன ஆயிருக்கும்!"

அவன் நீட்டிய கொட்டையைப் பார்த்தாள். பசி குடலைப் பிடுங்கியது. ஆனால் கை நீளவில்லை.

"அண்ணே, சிறுத்தையே இல்ல. காய் முழுக்க எனக்கே வேணும்னு பொய் சொன்னேன்."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. "எத்தனை நாள் பயந்து செத்தோம். தண்ணி குடிக்கக்கூட இறங்கலையே" என்றாள் ஒரு தாய்மந்தி.

பிடரியன் கொட்டையை அவள் கையில் வைத்தான். "உன் மேல கோபம் இருக்கு. ஆனா உன் குட்டிங்க என்ன பண்ணுச்சு? மழை முடியிற வரைக்கும் இங்க வந்து சாப்பிட்டுப் போ."

"அடுத்த பூவுக்கு நீங்களும் அங்க வரணும்ணே."

"அன்னைக்கு சிறுத்தை இருக்குன்ன. இன்னைக்கு இல்லைங்கிற. எதை நம்புறது?"

செவ்வாலி கொட்டையைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குத் திரும்பினாள்.

குட்டிகள் தேறி வளர்ந்தன. மறுபடி மரம் பூத்தது. மந்திக்கூட்டம் ஓடைக்கரை வரை வந்து தயங்கி நின்றது. தாய்மார்கள் குட்டிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

செவ்வாலி மரத்தைவிட்டு இறங்கினாள். மலை அணில் தரையில் கால் வைப்பது லேசில் நடக்காது. தரையில் அது எதற்கும் இரை. இருந்தாலும் அவள் எல்லாரும் பார்க்க, பெரிய வேர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். கடைசி மந்திக்குட்டியும் கிளையேறும் வரை அங்கிருந்து அசையவில்லை.

அன்று அந்தியில் வௌவால்களின் சிறகடிப்புச் சத்தம் கேட்டது. செவ்வாலி கூட்டுக்குள் சுருண்டு படுத்துச் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் மரம் நிறையக் காய். மந்திகள் தின்றது போக, செவ்வாலியும் அவள் பிள்ளைகளும் தின்றது போக, மீந்த கொட்டைகள் கீழே விழுந்து முளைவிட்டன.

பிறருக்குப் போவதையெல்லாம் தனக்கு நட்டம் என்று எண்ணி அவர்களை விரட்டுகிறவர், தனக்கு வர வேண்டியதையும் சேர்த்தே விரட்டிவிடுகிறார்.