மாப்பிள்ளை மட்டும் உள்ள படம்

மணிமுத்தாற்றங்கரையில் கூத்தக்குறிச்சி என்றொரு ஊர். அங்கே அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. பஞ்சம் வருவதற்கு, முதலில் அந்தப் பொருள் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும் அல்லவா.

அந்த ஊரில் பம்ப்செட் பழுது பார்க்கும் கொளஞ்சிநாதனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது, கல்யாணம்தான் ஆகவில்லை. ஆளில் குறையில்லை, தொழிலில் குறையில்லை. குறை ஒரு போட்டோவில் இருந்தது.

அக்கா மகளுடைய காதுகுத்தில் எடுத்த படம் அது. கொளஞ்சி வேட்டி சட்டையில் விறைப்பாக நிற்பான். பக்கத்தில் அவனுடைய தாய்மாமன் பச்சையப்பன், முறுக்கு மீசையும் கறுப்புக் கண்ணாடியுமாக, மருமகன் தோளில் கைபோட்டு நிற்பார். அதைப் பார்த்த முதல் பெண் வீட்டார், "மாப்பிள்ளை ஜம்முன்னு இருக்காரு, பக்கத்துல நிக்கிறது யாரு, அவர் டிரைவரா?" என்று கேட்டார்கள். இரண்டாவது பெண் வீட்டார் கேட்கவே இல்லை. நேராக வந்து தாம்பூலத் தட்டைப் பச்சையப்பன் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததை மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று அவரும் வாங்கிக்கொண்டார். அன்று முதல் அத்தை அவருக்குச் சோறு போடுவதில்லை.

தரகர் ஏகாம்பரம் வாசலிலேயே நின்று தீர்த்துச் சொன்னார்.

"இன்னிக்குச் சாயங்காலம் பஸ்ல ஒரு நல்ல இடத்துக்குப் போறேன். இதுவும் போச்சுன்னா இனிமே என் வீட்டுப் பக்கம் வராத. படத்துல மாப்பிள்ளை மட்டும் இருக்கணும். வேற ஒருத்தர் இருக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது" என்றான் கொளஞ்சி. கூத்தக்குறிச்சியில் எல்லோரும் எப்போதும் சொல்லும் பதில் அது.

படத்தையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு அவன் அங்கமுத்து ஸ்டுடியோவுக்குப் போனான். மாமாவை நீக்குவதென்றால் மாமா கூட இருப்பதுதானே முறை.

அங்கமுத்து நவீன காலத்து ஆள். கடையில் இரண்டு விதமாகப் படம் வெட்டுவார்கள். கம்ப்யூட்டரில் சின்னதுரை, அவனிடம் இருந்தது புரொபஷனல் சாஃப்ட்வேர், பெரிய பெரிய பத்திரிகைக்காரர்கள் வைத்திருப்பது. செல்போனில் ராயப்பன், அவனிடம் இருந்தது எல்லோர் செல்போனிலும் இருக்கிற சாதாரண ஆப். இரண்டில் எது உசத்தி என்று இருவருக்கும் நெடுநாள் வழக்கு. அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அங்கமுத்து இரண்டையுமே தொட்டது இல்லை. அதனால் நடுநிலை கெடாமல் இருந்தார்.

முதலில் சின்னதுரை படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தான். வெட்டும் கருவியை எடுத்ததும் படத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்தன.

"எதுக்குத் தம்பி கம்பி போடற?" என்றான் கொளஞ்சி. "ஜெயில்ல இருக்கிற மாதிரி தெரியுதே."

"சாதாரண ஆப்ல இதெல்லாம் லேசா வந்துட்டுப் போயிரும்ணே. புரொபஷனல்ல கம்பி நல்லா திடமா இருக்கும்" என்றான் சின்னதுரை. கொளஞ்சிக்கு நம்பிக்கை பிறந்தது.

மூலையைப் பிடித்து இழுத்ததும் மாமா இருட்டுக்குள் போனார். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் ஒரு கட்டம் காட்டியது. சின்னதுரை எழுத்துக் கூட்டிப் படித்தான். வெட்டிய பகுதியை அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தது.

சின்னதுரை மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"உயிரோட நிக்கிற மனுசன அழிக்கலாமான்னு கேக்குது" என்றார் அங்கமுத்து. "நாம எப்படி டிக் போடறது? அவரையே கேட்டுருவோம்."

பச்சையப்பன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அழிக்கறதெல்லாம் வேணாம்யா. நானும் நாலு பேருக்கு நல்லவன். ஒரு ஓரமா உக்கார வச்சிருங்க, சத்தம் போடாம இருந்துக்கறேன்."

டிக் போடவில்லை. படத்தில் கொளஞ்சி மட்டும் நின்றான். அவனுக்குக் கண் கலங்கியது. தன்னைத் தனியாகப் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

"இதுல அருமை என்னன்னா" என்று சின்னதுரை பெருமையாக ஆரம்பித்தான், "வெட்டினது எங்கயும் போகாது. உள்ளயே இருக்கும். பாருங்க." மூலையைப் பிடித்து வெளியே இழுத்தான். மாமா மீசையோடு திரும்பி வந்தார்.

கொளஞ்சி அந்த மூலையைச் சந்தேகமாகப் பார்த்தான். "அப்ப பொண்ணு வீட்ல யாராச்சும் மூலையப் புடிச்சு இழுத்தா?"

"வந்துருவாரு."

"தாம்பூலத்தயும் வாங்கிருவாரு" என்றான் கொளஞ்சி. மாமா தலையாட்டி ஒப்புக்கொண்டார். மனசாட்சி உள்ளவர்.

"அதுக்குத்தான் சொன்னேன்" என்று ராயப்பன் செல்போனோடு முன்னால் வந்தான். "புரொபஷனல்காரனுக்கு எதையும் விட மனசு வராது. வெட்டின நகத்தக்கூடப் பொட்டலம் கட்டி வச்சிருப்பான். நம்ம ஆப்ல அந்தப் பேச்சே இல்ல. ஒரு அமுக்கு, ஆள் காலி."

"கேக்காதா?" என்றார் அங்கமுத்து.

"எதையும் கேக்காது. மரியாத தெரியாத ஆப்புண்ணே, அதான் வேகம்."

அவன் விரலை வைத்துத் தேய்த்தான். மாமா போனார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கொளஞ்சி தனியாக நின்றான். இப்போதுதான் கவனித்தார்கள், அவன் தோளில் ஒரு கை இருந்தது.

"இது யார் கை?" என்றான் கொளஞ்சி.

பச்சையப்பன் குனிந்து பார்த்தார். "மோதிரம் என்னுதுதான்" என்றார் எச்சரிக்கையாக. "மத்தத நான் உறுதியாச் சொல்ல முடியாது."

தரகர் 'வேறு ஒருத்தர் இருக்கக் கூடாது' என்றுதான் சொன்னார். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கை ஒருத்தரா இல்லையா என்று விவாதம் நடந்தது. கை தனியாகச் சாப்பிடாது, ஓட்டுப் போடாது, அதனால் ஆளாகாது என்றான் ராயப்பன். சாப்பிடுவதும் கைதான், ஓட்டுப் போட்டதும் மை வைப்பதும் கையில்தான், அதனால் ஆளைவிட ஒரு படி மேல் என்றான் சின்னதுரை. அங்கமுத்து இரண்டு பேர் சொன்னதும் சரி என்றார்.

கடைசியில் கையை எடுப்பது என்று முடிவானது. ராயப்பன் இன்னும் உள்ளே தள்ளி வெட்டினான். கையோடு கொளஞ்சியின் தோளும் போனது. ஒரு தோள் மட்டும் இருந்தால் பெண் வீட்டார் ஊனம் என்று நினைப்பார்களே என்று அங்கமுத்து கவலைப்பட, மறு தோளையும் வெட்டினான். பிறகு ஆப்பில் சதுரம், வட்டம் என்று ஆயத்த அச்சுகள் இருப்பதைக் காட்ட ஆசைப்பட்டு வட்டத்தை அமுக்கினான். வட்டத்துக்குள் கொளஞ்சியின் மூக்கும் கொஞ்சம் மீசையும் மிச்சம் இருந்தன.

"முன்னாடி இருந்தத திருப்பிக் கொடு" என்றான் கொளஞ்சி.

"போனது போனதுதாண்ணே. அதான சிறப்பம்சமே."

இந்த நிலையில்தான் தரகர் ஏகாம்பரம் கையில் பையோடு வந்து சேர்ந்தார். பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவர் செல்போனில் இருந்த மூக்கைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் மாமா உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்தார். பிறகு அங்கமுத்துவைப் பார்த்தார்.

"இது போட்டோ கடைதானே?"

"ஆமாங்க."

"கேமரா இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப இவன தனியா நிக்க வச்சுப் புதுசா ஒரு படம் எடுத்தா என்னய்யா?"

இப்படி ஒரு வழி இருப்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தரகர் வெளியூர்க்காரர்.

கொளஞ்சி தலையைச் சீவிக்கொண்டான். உள்ளறையில் தொங்கிய படுதாவின் முன்னால் நின்றான். பளிங்குப் படிக்கட்டு, பூந்தொட்டி, மேலே பால்கனி என்று யாரோ உயிரைக் கொடுத்து வரைந்திருந்த மாளிகைப் படுதா. அங்கமுத்து கேமராவைக் கண்ணில் வைத்தார். பிறகு இறக்கினார்.

"ஒரு சங்கடம்."

"இன்னும் என்னய்யா?" என்றார் தரகர்.

"இவர் மட்டும் நின்னா, வெட்டறதுக்கு ஒண்ணுமே இருக்காதே. ரெண்டு சாஃப்ட்வேர வச்சிக்கிட்டு வெட்டாத படத்த வெளிய அனுப்பினா கடை பேரு என்னாவறது?"

எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது, தரகர் ஒருவரைத் தவிர. மாமா வெட்டுப்படத் தானே முன்வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதாக வாக்கும் கொடுத்தார். ஒரு பக்கம் மட்டும் ஆள் இருந்தால் சரியாக இருக்காது என்று மறுபக்கம் சின்னதுரை நின்றான். சின்னதுரை நின்றால் தானும் நிற்பேன் என்றான் ராயப்பன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த டீக்கடைக்காரரும் வந்து நின்றார். இவ்வளவு பேர் நிற்கிற படத்தில் கடைக்காரர் இல்லாமல் எப்படி என்று அங்கமுத்துவும் போய் நின்றுகொண்டார்.

எல்லோரும் சிரித்த முகமாக நின்றார்கள். நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

"யார் எடுக்கறது?" என்று கேட்டார் மாமா.

சும்மா நின்றவன் கொளஞ்சி ஒருவன்தான்; வெட்டுப்படும் வேலைகூட அவனுக்கு இல்லை. அவனே நகர்ந்து வந்து கேமராவைப் பிடித்தான். அவன் நின்ற இடத்தை மட்டும் மற்றவர்கள் மரியாதையாகக் காலியாக விட்டிருந்தார்கள். தரகர் தலையில் கைவைத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கொளஞ்சி அமுக்கினான்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கம்ப்யூட்டரில் சின்னதுரை இந்தப் பக்கத்து ஆட்களை மறைத்தான், செல்போனில் ராயப்பன் அந்தப் பக்கத்து ஆட்களைத் தொலைத்தான். புரொபஷனலும் சாதாரணமும் ஒன்றுபட்டு முடித்த முதல் படம் அது. பஸ் ஹார்ன் அடித்தது. பிரிண்ட் சூட்டோடு உறைக்குள் போவதற்கு முன் கொளஞ்சி ஒரு தடவை சரிபார்த்தான்.

"மாமா இல்லையே?"

"இல்லண்ணே."

"கை?"

"ஒரு விரல்கூட இல்ல."

வேறு ஒருத்தரும் இல்லை. கொளஞ்சி நிறைவாக உறையை ஒட்டித் தரகர் பையில் போட்டான். அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மறுநாளே பெண்ணின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. கொளஞ்சி எடுத்தான்.

"வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு தம்பி" என்றார் அவர். "என்ன விசாலம், என்ன படிக்கட்டு. மாப்பிள்ளைன்னு பாத்தா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க, நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து உறுதி பண்ணிக்கறோம்."

கொளஞ்சியின் வீடு ஓட்டு வீடு. மாடி இல்லை, படிக்கட்டும் இல்லை. ஸ்டுடியோவில் மறுபடி கூடிப் பேசினார்கள். படுதாவைக் கழற்றி வீட்டின் முன்னால் கட்டிவிடலாம் என்றார் அங்கமுத்து. இரண்டு ஓரத்திலும் ஓடு தெரியுமே என்றான் கொளஞ்சி. அதை வெட்டுவது யார் என்று சின்னதுரைக்கும் ராயப்பனுக்கும் அங்கேயே வாய்த்தகராறு ஆனது.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நின்றது. பெண்ணின் அப்பா இறங்கி, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்த மாளிகையை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. மேல வாங்க" என்றார் பச்சையப்பன்.

பெண்ணின் அப்பா செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். வேட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் படியில் ஏறுவதற்காக வலது காலை எடுத்து வைத்தார். படுதாவோடு சேர்ந்து கீழே விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"பளிங்கு இல்லையா, வழுக்கத்தான் செய்யும்."

சரியான இடத்தில்தான் சம்பந்தம் அமைந்திருக்கிறது என்று கொளஞ்சிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.