நழுவிய ஓட்டுக்கு அடித்த ஆணி

"சாகும்போது மூத்த சாமி என்னைப் பத்தி ஏதும் சொன்னாங்களா?"

மடத்துக்குள் வந்ததும் நின்றபடியே கோமதிநாயகம் கேட்ட முதல் கேள்வி இதுதான். தோளில் இருந்த பையைக் கூட இறக்கவில்லை.

ஆவுடையம்மாள் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மூத்த சாமிக்குப் பிறகு மடத்துக்கு அவர்தான் குரு. ஞானம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது வேலையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். கோமதிநாயகம் இங்கே சீடனாக இருந்த காலத்தில் இதே அம்மாள் பூப்பறித்துக் கொண்டுவந்து போடும் சிறுமி. இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார், கோமதிநாயகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். காலம் அப்படித்தான் ஆளை இடம் மாற்றி வைக்கிறது.

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்றார் அம்மாள்.

சாப்பாடு இருக்கட்டும் என்றார் கோமதிநாயகம். சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

"திட்டியிருந்தாலும் சரிம்மா. மறைக்காமச் சொல்லுங்க. அது தெரியாம எனக்கு உறக்கம் இல்ல."

அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"கூடத்துல ஒரு ஓடு நழுவிக் கெடக்கு. சாரல் அடிச்சா ஒழுகுது. சாப்பிட்டுட்டு ஏறிச் சரி பண்ணிக் குடுங்க."

கோமதிநாயகத்தின் முகம் சுண்டிப் போனது. குத்திக் காட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு என்று நினைத்துக்கொண்டார்.

அவர் மடத்தை விட்டுப் போனதே ஒரு ஓட்டு வேலையின் நடுவில்தான்.

அதுவும் ஒரு சாரல் காலம். அவருக்கு மீசை அரும்பிய வயது. கூடத்தில் ஓடு நழுவியிருக்கிறது, ஏறிப் பார் என்று மூத்த சாமி சொன்னார். ஏணியைச் சாத்தி ஏறினார். பாதி ஏணியிலேயே மதிலுக்கு அப்பால் ரோடு தெரிந்தது. ரோட்டில் பஸ் வருவது தெரிந்தது.

இறங்கினார். ஓடினார். ஏறிவிட்டார்.

யாரும் அவரை விரட்டவில்லை, யாரோடும் சண்டை இல்லை. அந்த வயதில் பஸ்ஸைப் பார்த்தால் ஏறத் தோன்றும், அவ்வளவுதான். அதன் பிறகு மில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். மழை பெய்யும்போதெல்லாம் அந்த ஓடு ஞாபகத்துக்கு வரும். ஒரு நடை போய் வர வேண்டும் என்று நினைப்பார். எந்த முகத்தோடு போவது என்றும் நினைப்பார். சாமி போய்ச் சேர்ந்த செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவர் காதுக்கு வந்தது.

சாப்பிட்டார். அதே புளிக்குழம்பு, அதே கருகல் வாடை. சாமி உட்காரும் பலகை அதே மூலையில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒழுகும் தண்ணீருக்கு ஒரு மண்சட்டி வைத்திருந்தார்கள். விளக்கெண்ணெயும் ஈரச் சுவரும் கலந்த அந்தக் கூடத்து வாசனையை வேறு எந்த ஊரிலும் அவர் கண்டதில்லை.

"முட்டி வலி இருக்கும்மா," என்றார்.

"மெதுவா ஏறுங்க. நான் ஏணியைப் பிடிச்சுக்கிடுதேன்."

ஏறினார். பாதி ஏணியில் ரோடு தெரிந்தது. பார்க்காமல் ஏறினார்.

ஓட்டின் நடுவில் மிதித்தால் உடையும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடம் பார்த்து மிதிக்க வேண்டும். சாமி சொல்லிக் கொடுத்தது காலுக்கு மறக்கவில்லை.

கூரை முழுக்கப் புது ஓடு. வரிசை பிசகாமல் செக்கச்செவேல் என்று கிடந்தது. நடுவில் ஒன்றே ஒன்றுதான் பழசு. பாசி பிடித்துக் கறுத்து, நாலு விரல் கீழே இறங்கிக் கோணலாகக் கிடந்தது.

அதைத் தூக்கிப் பார்த்தார். அடியில் இருந்த மரச்சட்டமும் புதுசு.

கோமதிநாயகம் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சட்டத்தை மாற்றியவர்கள் இந்த ஓட்டைக் கழற்றித்தான் இருக்க வேண்டும். கழற்றியதைத் திரும்பவும் நழுவினபடியே வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இறங்கிவிடாமல் அதன் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் மூக்குக்குக் கீழே ஒரு ஆணி வேறு. ஆணி அடித்தவன் கையால் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் ஓடு தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

"இந்த வேலையைப் பாத்த ஆசாரி யாரும்மா? கிறுக்கனா அவன்?"

அம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

"மூத்த சாமி பக்கத்துல நின்னு சொல்லச் சொல்லச் செஞ்சது. ஆசாரியும் ஏசிக்கிட்டேதான் செஞ்சாரு."

"எதுக்கு?"

"'எல்லாத்தையும் மாத்துங்க, அதை மட்டும் தொடாதீங்க. அது கோமதி பாதியில விட்டுட்டுப் போன வேலை'ன்னாங்க."

கோமதிநாயகம் அந்த ஓட்டின் பாசியை விரலால் தடவினார்.

மழை பெய்தால் சாமி என்ன செய்வார் என்று பிறகு கேட்டார் கோமதிநாயகம். சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்றார் அம்மாள். வேறு மூலைக்குப் போகச் சொன்னால் போக மாட்டாராம்.

கோமதிநாயகம் அழுதார். தலை நரைத்த மனிதர் கூரை மேல் உட்கார்ந்து அழுவது ரோட்டில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும் என்று அழுதார்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆணியைப் பிடுங்கினார். மேல்வரிசை ஓட்டைச் சற்றே தூக்கிப் பிடித்து, பழைய ஓட்டை உள்ளே தள்ளினார். மூக்கு சட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு நிமிஷ வேலைதான்.

மதிலுக்கு அப்பால் ஹாரன் சத்தம் கேட்டது. சாயங்கால பஸ்.

கோமதிநாயகம் ரோட்டைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். இன்னும் ஒரு ஓடாவது நழுவியிருக்காதா என்று வரிசை வரிசையாகத் தேடினார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"வேற எங்கயாவது ஒழுகுதாம்மா?"

விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

சுவரில் ஏணி இல்லை.

ஆவுடையம்மாள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.