சுட்டியான் சொல்ல வந்த பதில்

அந்தக் காலத்தில் ஆடுகள் பேசும். பேசும் என்றால் அப்படிப் பேசும். காலையில் தொழுவத்தைத் திறந்தால் போதும், தழை வாடல், தண்ணீர் கலங்கல் என்று குறை சொல்ல ஆரம்பித்துவிடும். முள்ளுக்காட்டம்மனுக்குக் கிடாய் நேர்ந்தவர்கள் அந்தக் கிடாயிடமே வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். மனசார வருகிறேன் என்று சொல்லுகிற உயிர்தான் வேண்டும், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள் என்று அம்மனே சொல்லிவைத்திருந்தாள். எந்தக் கிடாய் வருகிறேன் என்று சொல்லும்? ஒன்றும் சொன்னதில்லை. அம்மனும் பொங்கச்சோற்றோடு திருப்தியாக இருந்தாள்.

அந்த அம்மன் இருந்த ஊரில் இருளாண்டி என்பவனுக்கு ஒரே மகள், ஒச்சம்மா. ஏழு வயசு, தாயில்லாப் பிள்ளை. அவளோடு கூடவே வளர்ந்தது ஒரு கிடாய். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் சுட்டியான் என்று பேர். இரண்டும் ஒரே கும்பாவில் கஞ்சி குடித்தன. இருளாண்டியை இரண்டுமே ஐயா என்றுதான் கூப்பிட்டன.

ஒரு பங்குனியில் ஒச்சம்மாவுக்கு அம்மை வார்த்தது. வேப்பிலை விரித்துப் படுக்கவைத்தும் பிள்ளை கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் இருளாண்டி சுட்டியான் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பிள்ளைக்காக அம்மனுக்கு வருகிறாயா என்று எப்படியோ கேட்டுவிட்டான்.

சுட்டியான் அசைபோடுவதை நிறுத்தியது. தனக்குப் பயமாக இருக்கிறது என்றது. பிறகு, "பொழுது சாயட்டும், ஐயா. மேய்ந்துகொண்டே யோசிக்கிறேன். நானே வந்து சொல்கிறேன்" என்று மலையடிவாரத்துக்குப் போய்விட்டது.

பொழுது சாயும் வரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். பெற்ற மனசு பொறுக்குமா? மத்தியானம் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கிடாய் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். பாதி வழியிலேயே சுட்டியான் எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பேசவிடாமல் வாயைப் பொத்தித் தூக்கிவந்து அம்மன் முன்னால் நிறுத்தினார்கள். இருளாண்டி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினான். குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த உடம்புதான் சிலிர்க்காது? கிடாய் தலையிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறியது.

"பார்த்தீர்களா, சம்மதம் கொடுத்துவிட்டது" என்றான் இருளாண்டி.

நாலு பேரும் ஆமாம் என்றார்கள். அது தண்ணீருக்குச் சிலிர்த்தது என்று அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும்.

அரிவாள் ஓங்கும்போதுதான் வாயிலிருந்து கையை எடுத்தார்கள். சுட்டியான் திரும்பி அவனைப் பார்த்தது.

"வருகிறேன் என்று சொல்லத்தான் இறங்கி வந்தேன், ஐயா. அதை நானே சொல்லியிருப்பேனே."

ஓங்கிய கை நிற்கவில்லை.

ஒச்சம்மா பிழைத்தாள். முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் முதலில் சுட்டியானைத்தான் தேடினாள். அவனே மனசார ஒத்துக்கொண்டு போனதாக இருளாண்டி சொன்னான். என்னிடம் சொல்லாமல் போக மாட்டான் என்று அவள் தொழுவத்துக்கு ஓடி, ஒவ்வோர் ஆட்டின் கழுத்தையும் கட்டிக்கொண்டு கேட்டாள். ஆடுகள் அவளைப் பார்த்தன. ஒன்றும் வாய் திறக்கவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்பவர்களிடம் இனி எதைச் சொல்லி என்ன? இருளாண்டி தொழுவத்து வாசலில் நின்று அழுதான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பார்கள். இவன் அப்படியல்ல, நிஜமாகவே அழுதான். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

அன்று முதல்தான் ஆடுகள் பேச்சை விட்டன. அன்று முதல்தான் நாமும் கிடாயின் முதுகில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அது உதறும்வரை காத்து நிற்கிறோம். சில கிடாய்கள் மட்டும் எவ்வளவு ஊற்றினாலும் உதறாமல் உடம்பை இறுக்கிக்கொண்டு நிற்கும். அவை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. பொழுது சாயட்டும் என்று விட நமக்குத்தான் மனசு வருவதில்லை. இன்னொரு குடம் கொண்டுவரச் சொல்கிறோம்.