அரண்மனைக் கொல்லையில் ஒரு ஏப்பம்

அந்த வருஷம் வெயிலூரில் அடித்த வெயில் இருக்கிறதே, அப்பப்பா! ராஜா கஜகேசரி கிரீடத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, அவைக்கு வந்த பண்டிதரிடம் காரணம் கேட்டார்.

"சில வாயுக்கள் வானத்தில் போர்வை மாதிரி மூடிக்கொண்டு சூட்டை வெளியே விடுவதில்லை, மகாராஜா. விறகும் கரியும் எரித்தால் கரியமில வாயு. வயலில் உரத்தை அள்ளிக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு. மாடு ஏப்பம் விட்டாலும் குப்பை தண்ணீரில் அழுகினாலும் மீத்தேன்."

மந்திரி தீர்த்தகிரியார் காதில் 'மாடு' மட்டும்தான் விழுந்தது. மேய்ச்சல் நிலத்தில் மாந்தோப்பு போட அவருக்கு வெகுநாள் ஆசை.

"மாடுகளை நாடு கடத்திவிடலாம், மகாராஜா!"

பால் கொண்டுவந்த காத்தாயி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். "என் செவலை போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஏது சாமி?" ராஜாவுக்கு யோசனை சொல்லும் அம்பலவாணருக்கு அது பொறுக்கவில்லை. முகத்தில் காட்டவில்லை.

"மீத்தேன் விடுவதெல்லாம் நாளைக்கே எல்லை தாண்ட வேண்டும். அம்பலவாணரே, உம் பொறுப்பு" என்றார் ராஜா.

"உத்தரவு. சிறிதிலிருந்து தொடங்கவா, பெரிதிலிருந்தா?"

"பெரிதிலிருந்துதான்!"

மறுநாள் அம்பலவாணர் ராஜாவையும் மந்திரியையும் அரண்மனைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். வெயிலூரில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனைப் பந்தியில் இலையில் பாதியை மிச்சம் வைத்தால்தான் ராஜாவுக்கு மரியாதை. அந்த மிச்சமெல்லாம் கொல்லைக் குழியில் அழுகிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பானையைக் கவிழ்த்து, மூங்கில் குழல் செருகியிருந்தார் அம்பலவாணர். குழல் முனையில் நெருப்பைக் காட்டினார். குப்பென்று நீலச் சுடர்!

"என்னய்யா இது?" ராஜா பின்வாங்கினார்.

"மீத்தேன், மகாராஜா. ஊரிலேயே பெரிய ஏப்பம் இதுதான். குழியை எல்லைக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் மதியம் பந்தி முடிந்ததும் புதுக் குழி நிரம்பும். நிரப்புகிறவர்களையும் சேர்த்து அனுப்பட்டுமா?"

மந்திரி வேறு பக்கம் பார்த்தார். நேற்று மலைபோல் மிச்சம் வைத்தவர் அவர். அதைவிடப் பெரிய மலை ராஜாவுடையது. ராஜா தொண்டையைக் கனைத்தார்.

"இன்றிலிருந்து யாரும் இலையில் மிச்சம் வைக்கக் கூடாது."

அன்று மதியம் மந்திரி கறிவேப்பிலையைக்கூட விடவில்லை. ராஜாவும் வழித்துச் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது அவருக்கு ஒரு ஏப்பம் வந்தது. தூண் அதிர்ந்தது.

ராஜா மெதுவாகத் திரும்பினார். "அம்பலவாணரே, இதையும் எல்லை தாண்டி அனுப்புவீரோ?"

"காத்தாயி மாட்டுக்கு மன்னிப்பு உண்டென்றால், அதிலேயே இதையும் சேர்த்துவிடலாம், மகாராஜா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செவலை தப்பியது. சிரித்த சிரிப்பில் ராஜாவுக்கு இன்னொரு ஏப்பம் வந்தது. அதையும் மன்னிப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.